நெடுந்தீவுக்கு ஒரு மடிப்புச் சைக்கிள்

ஐம்பத்தைந்து வயது மனிதன் ஒருவன் கடைக்குப் போய் மடிக்கிற சைக்கிள் கேட்டால், கடைக்காரர் முதலில் கேட்பது "பேரப்பிள்ளைக்கோ?" என்றுதான். யாழ்ப்பாணப் பட்டினத்தில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இதையே கேட்டார்கள். எனக்குப் பேரப்பிள்ளையும் இல்லை, பிள்ளையும் இல்லை, அதைக் கேட்க அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை. "சிநேகிதருக்கு" என்பேன். "அவருக்கு என்ன வயது?" "என்ரை வயதுதான்." அதற்குப் பிறகு அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காட்டுகிற சைக்கிளைப் பார்க்கவே எனக்கு மனம் வராது. வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்று தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போவேன்.

சிநேகிதர் ஊர்காவற்றுறைக் கரையில் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்துக்காரர். நான் சரவணையில், புகையிலையும் வெங்காயமும் செய்த வீட்டில் பிறந்து, கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கிளாக்கராகக் குந்தியிருக்கிறவன். எங்களைச் சேர்த்து வைத்தது நெடுந்தீவு. பல வருடங்களுக்கு முன்பு அங்குள்ள கிளையில் இருப்புக் கணக்கு எடுக்கப் போனவன், கடைசி வள்ளத்தைத் தவறவிட்டுவிட்டு இறங்குதுறையில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். "என்ன ஐசே, பெண்சாதியோடை சண்டையோ?" என்று, பழகினவன் மாதிரி ஐசே போட்டு, பின்னால் ஒரு குரல் கேட்டது. அப்போதும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இப்போதும் இல்லை. அன்று கூடாரமாகக் கட்டுகிற தன் தறப்பாளில் பாதியையும் சுட்ட ஓரா மீனில் பாதிக்கு மேலும் எனக்குத் தந்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு மாதம் தவறாமல் போனோம். முழுநிலவுப் போயா விடுமுறை வந்தால் குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறுவோம். நெடுந்தீவில் இறங்கி மேற்குக் கரைக்கு நடப்போம். அங்கே இடிந்த கல்மதில் ஒன்றின் மறைவில் தறப்பாளைக் கட்டி, சோறும் மீனும் ஆக்கித் தின்று, படுத்து எழும்பி, அடுத்த நாள் வருவோம். வேறு ஒன்றும் இல்லை. பெரிதாகக் கதைத்ததும் இல்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் அவர் ஆக்குகிற சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் மற்ற இருபத்தெட்டு நாளும் கந்தோர்க் கதிரையில் நான் இருந்தது அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டுதான்.

வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வருகிற பெடியள் இதற்குக் காம்பிங் என்று பெயர் சொன்னார்கள். சிநேகிதரின் மனைவி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தா. "முகாமோ? வருசக்கணக்கா முகாமிலை தறப்பாளுக்குக் கீழை கிடந்தது காணாதெண்டு, இப்ப வள்ளம் ஏறிப் போய்க் கிடக்கினம்" என்றா. அவ சொன்னதில் பிழை இல்லை. சண்டைக் காலத்தில் அந்தத் தறப்பாள்களுக்குக் கீழே மூவரும்தான் கிடந்தோம், வேறு வேறு இடங்களில். இந்தத் தறப்பாளை நாங்களே கட்டினோம், விரும்பிய நேரம் நாங்களே அவிழ்த்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவருக்கு எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. வலது காலில் மீன் முள் ஏறியது தெரியாமல் நடந்து திரிந்திருக்கிறார். மனைவி பார்த்துச் சொன்ன நேரம் சின்னவிரல் கறுத்துவிட்டது. விரலை எடுத்தார்கள். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். வைத்தியர் இளம் பெண்பிள்ளை, ஆறுதலாக எடுத்துச் சொன்னா. "ஐயா, உங்கட பாதத்துக்கு நோ தெரியாது. நோ தெரியாதபடியால் ஒவ்வொரு நாளும் நீங்கள்தான் கண்ணாலை பாக்கவேணும். வெறுங்காலோடை ஒரு அடியும் வைக்கக்கூடாது. இனி நெடுகத் தூரம் நடக்கவும் ஏலாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒன்று கேட்டார். "அப்ப நெடுந்தீவு?"

"நெடுந்தீவிலை இருந்தோ ஐயா வாறனீங்கள்?" என்று அந்தப் பிள்ளை பரிதாபப்பட்டா. அவர் எழும்பினார். மெத்தை வைத்த செருப்பு ஒரு சோடி தந்து அனுப்பினார்கள்.

கடற்றொழில் போய்விட்டது. வலையை மருமகன் எடுத்துக்கொண்டான். அதற்கெல்லாம் அவர் கலங்கவில்லை, அல்லது எனக்குக் காட்டவில்லை. ஆனால் போயா நாள்கள் ஒவ்வொன்றாக வந்து போக, அவர் முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே சுருங்கிக்கொண்டு போனார். சவரம் செய்வதை விட்டார். நான் போனால் "வாரும்" என்பார், பிறகு நான் எழும்பும்போது "ஓம், போட்டு வாரும்" என்பார். நடுவில் எதுவும் இருக்காது. ஒரு நாள் அவருடைய மனைவி வாசல் படலை வரை என்னோடு வந்தா.

"அண்ணை, நான் முகாம் எண்டு நக்கலடிச்சதை மனசிலை வைக்காதேங்கோ. எப்பிடியாவது மாசத்திலை ஒருக்கால் அவரைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. இல்லாட்டி இந்த மனுசன் கதிரையிலையே போயிடும்."

அவ அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அழாமல் சொன்னதால்தான் பயமாக இருந்தது.

நடக்க ஏலாது என்றால் சைக்கிள். எந்தச் சைக்கிள் என்பதுதான் சிக்கல். ஆட்டோவை நீங்கள் சொல்லுவீர்கள். ஆட்டோ தார் றோட்டு முடிகிற இடத்தோடு நின்றுவிடும். எங்கள் இடத்துக்கு அதற்கும் அப்பால், கல்மதில்களுக்கு நடுவால் போகிற பாதையில் நெடுந்தூரம் போகவேண்டும். நெடுந்தீவுச் சனம் இதற்கெல்லாம் ஒரு வழி வைத்திருக்கிறது. குறிகட்டுவானில் ஒரு சைக்கிள், அக்கரையில் இன்னொரு சைக்கிள், நடுவில் வள்ளம். நாங்களும் முன்பு ஒரு தரம் என்னுடைய பழைய சைக்கிளைக் கொண்டுபோய் இறங்குதுறைக்குப் பக்கத்து வீட்டில் விட்டோம். அடுத்த மாதம் போனபோது அதில் தண்ணீர்க் கான் கட்டி இழுத்து, பிரேக் இரண்டும் போய், உப்புக் காற்றில் செயின் இறுகிக் கிடந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிசர், சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

அதைவிட, பெரிய சைக்கிள் அவருக்குச் சரிவராது. நடுப்பாருக்கு மேலால் காலைத் தூக்கிப் போட ஏலாது. விரல் போன பிறகு ஒற்றைக் காலில் நின்றால் ஆடுவார். அக்கரையில் வாடகைக்கு விடுகிற சைக்கிள்களும் எல்லாம் உயரம். போயா நாளில் குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகிற சனமும் நெடுந்தீவுக்குப் போகிற சனமும் ஒன்றாக நெரிபடும். அந்த நெரிசலில் பெரிய சைக்கிளைக் கொண்டுபோனால் வள்ளத்துப் பெடியன் ஒரு பார்வை பார்த்துவிட்டு "சனத்தை ஏத்துறதோ சைக்கிளை ஏத்துறதோ அண்ணை?" என்பான். அதனால்தான் மடிக்கிறதாக, தாழ்வாக, சாக்கில் கட்டி இருக்கைக்குக் கீழே தள்ளக்கூடியதாக ஒன்று வேண்டியிருந்தது. விலையும் ஒரு கிளாக்கரின் கைக்கு எட்டவேண்டும்.

புதுச் சைக்கிள்கள் கண்ணைப் பறிக்கும். சிவப்பும் மஞ்சளுமாகப் பூசி, மினுங்குகிற கடதாசி சுற்றி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் மடிக்கிற பிணைச்சலைப் பிடித்து அமத்தினேன், குசினி அலுமாரிக் கதவு மாதிரிக் கிறீச்சிட்டது. "அது ஓட ஓடச் சரிவரும்" என்றார் கடைக்காரர். ஓட ஓட என் சிநேகிதர் விழுந்தால் என்ன சரிவரும் என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

கடைசியில் ஜப்பானில் இருந்து பெட்டி பெட்டியாக வருகிற பழைய சைக்கிள்களைக் குவித்து வைத்திருக்கிற ஒரு வளவைக் கண்டுபிடித்தேன். அங்கே மடிக்கிற சைக்கிள்கள் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு ஒரு நீலச் சைக்கிள் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் தூக்கலாம், ஒரு சொட்டுத் துரு இல்லை. முற்றாகப் பேசி முடிக்க முன்பு சிநேகிதரைக் கூட்டி வந்து காட்டுவோம் என்று நினைத்தேன். அவரை வீட்டை விட்டு வெளியில் எடுக்க எனக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

வரமாட்டேன் என்றார். பிறகு மனைவி சேர்ட்டைக் கொண்டுவந்து மடியில் போட, வந்தார். பஸ் பண்ணைப் பாலத்துக்கு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வளவுக்குள் போனதும் ஆள் மாறிவிட்டார். வள்ளம் வாங்கப் போகிறவர் பலகையைத் தட்டிப் பார்ப்பதைப்போல ஒவ்வொரு சைக்கிளின் உடம்பையும் விரலால் தட்டினார். நீலச் சைக்கிளைச் சுற்றி வந்து, சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு ரயர் எங்கை எடுக்கிறது?"

"இப்ப எடுக்கத் தேவையில்லை ஐயா, புது ரயர்."

"என்ரை வலையும் வாங்கேக்கை புதிசுதான்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அந்த அளவு ரயர் இங்கே வருவதில்லை, கொழும்பிலும் தேடித்தான் எடுக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு ரோசமாக இருந்தது. அந்த நீலத்தில் நான் இரண்டு கிழமையாகக் கண் வைத்திருந்தவன். ஆனால் பல நாளைக்குப் பிறகு என் சிநேகிதரின் முகத்தில் அந்தக் குசும்பைக் கண்டதில் நீலத்தை விட்டுக்கொடுத்தேன்.

அவர் தெரிந்தெடுத்தது ஒரு பச்சைச் சைக்கிள். பூச்சு உரிந்து, பார்க்க அவலட்சணமாக இருந்தது. ஆனால் பிணைச்சல் தடிப்பு, ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. நடு உடம்பு தாழ்வு, காலைத் தூக்காமலே ஏறலாம். சீற்றில் இருந்தபடி இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றலாம். எங்கள் ஊர்ச் சந்தியிலேயே கிடைக்கிற அளவு ரயர். பின் கரியரில் தறப்பாளும் சட்டியும் கட்டலாம். பிளாஸ்ரிக் பெடல் ஒன்று வெடித்திருந்தது. கடைக்காரர் இரண்டையும் கழற்றிவிட்டு, அவையும் மடிக்கக்கூடிய இரும்புப் பெடல் ஒரு சோடி பூட்டித் தந்தார். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பல்லு. சிநேகிதர் மிதித்துப் பார்த்தார்.

"நல்லாப் பிடிக்குது. ஈரக் காலெண்டாலும் வழுக்காது."

எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. விழுந்துவிடுவாரோ என்பதுதான் எங்கள் எல்லோருடைய பயமும். விழாமல் இருக்க என்னவெல்லாம் வேண்டுமோ அதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினோம்.

அடுத்த போயா வரை அவர் ஊர்காவற்றுறைக் கடற்கரை றோட்டில் ஓடிப் பழகினார். சந்தியில் நின்ற சனம் எல்லாம் பகிடி பண்ணியது. பெரிய உடம்பும் சின்னச் சில்லும் என்றால் சிரிப்பு வரும்தானே. "முழங்கால் மூக்கிலை இடிக்கப்போகுது" என்று ஒருவர் கத்தினார். அவர் மணியை அடித்துக்கொண்டே போனார். சவரம் செய்திருந்தார். எனக்கு அந்த நாட்களில் வாழ்க்கையில் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தேன்.

ஒன்றை நான் முதலே சொல்லியிருக்கவேண்டும். அவர் செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறமாட்டார். அவருடைய கரையில் யாருமே ஏறமாட்டார்கள். சோறு போடுகிற வள்ளம், பாதிரியார் ஆசீர்வதித்த வள்ளம். கோயிலுக்குள் எப்படியோ அப்படித்தான் வள்ளத்துக்குள்ளும். சனம் ஏற்றுகிற வள்ளம், வேறு யாருடையதோ வள்ளம் என்றாலும் அவருக்கு ஒன்றுதான். நாங்கள் எல்லோரும் சப்பாத்தும் செருப்புமாக ஏற, அவர் மட்டும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறுவார். இவ்வளவு காலமும் அதை நான் கவனித்ததே இல்லை, கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் போயாவிலும் குறிகட்டுவானில் மெத்தைச் செருப்பைக் கழற்றினார்.

"டொக்ரர் என்ன சொன்னவ?" என்றேன்.

"டொக்ரர் வள்ளம் ஓடினவவோ? ஏறி இருந்தவுடனை காலைத் தூக்கி வைக்கிறன். ஒரு இடமும் படாது."

சொன்னபடியே சைக்கிள் சாக்குக்கு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். பச்சைச் சைக்கிள் இருக்கைக்குக் கீழே ஒரு இடைஞ்சலும் இல்லாமல் கிடந்தது. வள்ளத்துப் பெடியன்கூட அதைத் தட்டிப் பார்த்து, "நல்ல சாமான்" என்றான். கடல் அன்று சோம்பலாகக் கிடந்தது. அவர் யாரோடோ மீன் விலை பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்.

நெடுந்தீவில் இறங்கியதும் நான் எனக்கொரு வாடகைச் சைக்கிள் பேசப் போனேன். கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. சைக்கிளை விரித்து, தறப்பாளையும் சட்டியையும் கரியரில் கட்டி, வெளிக்கிட்டுவிட்டார். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைக்குக்கூட அவ்வளவு அவசரம் இருக்காது. நான் மிதி மிதி என்று மிதித்து, தார் றோட்டு முடிந்து கல்மதில்கள் தொடங்குகிற இடத்தில்தான் அவரைப் பிடித்தேன். எதிர்க் காற்றுக்குக் குனிந்து, சட்டி கடகடக்க, ஏதோ தேவாலயப் பாட்டை மூக்கால் பாடிக்கொண்டு போனார். பிறகுதான் காலைப் பார்த்தேன்.

"செருப்பு எங்கை?"

"தறப்பாளுக்குள்ளை வைச்சுக் கட்டியாச்சு. இனி அவிழ்க்கிறதெண்டா பெரிய வேலை. இந்தா வந்திட்டுது."

"இறங்கும்! இப்ப இறங்கும்!" என்று கத்தினேன்.

"நிலத்திலை கால் வைக்கேல்லை ஐசே. பெடலிலைதானே வைச்சிருக்கிறன்."

அவர் ஏமாற்றவில்லை. வைத்தியர் சொன்னதை அவர் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார். வெறுங்காலோடு அடி வைக்கக்கூடாது. அவர் அடி வைக்கவில்லை, சைக்கிள்தான் போனது. நான் சொல்லச் சொல்ல இன்னும் ஊன்றி மிதித்தார்.

இடத்துக்குப் போய், தறப்பாளை அவிழ்த்து, காலில் செருப்பைக் கொழுவப் போனவரை நிறுத்தி, கல்லில் இருத்தி, பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தின் குறுக்கே, விரல் போன இடத்துக்குக் கீழே, வரிசையாக ஓட்டைகள். பெடலின் பல்லு எப்படி இருந்ததோ அப்படியே. சில இடத்தில் தோல் திறந்து சதை தெரிந்தது. மணல் ஒட்டியிருந்தது. நான் விரலால் பக்கத்தில் அமத்தினேன்.

"நோகுதோ?"

"இல்லை. ஒண்டுமில்லை" என்று சிரித்தார். "ஏன், கிழிஞ்சிட்டுதோ?"

கொண்டுபோன நல்ல தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினேன். இரவுக்குக் கட்டக் கொண்டுபோன சாரத்தைக் கிழித்துக் காயத்தில் கட்டினேன். அன்றே திரும்புவோம் என்று சண்டை பிடித்தேன், ஆனால் அன்றைக்குக் கடைசி வள்ளமும் போய்விட்டது. அவர் அடுப்பை மூட்டினார். வழக்கம்போல மீன் சுட்டார். மாலை வெயிலில் கடலைப் பார்த்துக்கொண்டு, "இனி ஒவ்வொரு போயாவும் வரலாம் என்ன?" என்றார். அவ்வளவு நிறைவாக அவர் முகத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. நானோ கட்டின துணியில் இரத்தம் ஊறுகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சத்தை நீட்டிச் சொல்ல விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் தங்களால் ஏலுமானதைச் செய்தார்கள். ஊசி போட்டார்கள், வெட்டித் துப்புரவு செய்தார்கள், மருந்து கட்டினார்கள். காய்ச்சல் வந்தது. கால் வீங்கியது, பிறகு கறுத்தது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதே இளம் வைத்தியர்தான் வெளியே வந்து எங்களுக்குச் சொன்னா. சிநேகிதரின் மனைவி கையில் இருந்த செபமாலையைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்தா. பிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டிட்டீங்களோ அண்ணை?" என்று கேட்டா. அவ என்னை ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

சனத்துக்கு வாய் சும்மா கிடக்குமோ? பொய்க்கால் போடலாம், பொய்க்காலோடு பனை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். இருக்கிறார்கள்தான், அவர்களை நானும் கண்டிருக்கிறேன். அவர்கள் இளவயதில் சண்டையில் கால் போனவர்கள், நல்ல இரத்தம் ஓடுகிற உடம்புக்காரர். இவருக்கு வெட்டின இடம் ஆறவில்லை. ஆறினால்தான் அளவெடுக்கலாம். அதற்கிடையில் மற்றப் பாதத்தின் குதியில் ஒரு வெடிப்பு வந்திருக்கிறது. மனைவி ஒவ்வொரு நாளும் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறா. அது மூடவில்லை. மூடும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அவர் என்னைக் குறை சொன்னதில்லை. சைக்கிளையும் குறை சொன்னதில்லை. "நல்ல சைக்கிள் ஐசே, வித்துப்போடாதையும்" என்றார் ஒருநாள். அது என் வீட்டுப் பின்கோடிக்குள் மடித்தபடி கிடக்கிறது. யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை, நான் ஏறி ஓடுவதாகவும் இல்லை.

போன மாதம் போயாவுக்கு இரண்டு நாள் இருக்க, அவர் கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்தார். "நீர் போட்டு வாரும். போய்ப் படுத்து எழும்பி வந்து, எப்பிடி இருந்ததெண்டு எனக்குச் சொல்லும். நான் இதிலை கிடந்து கேக்கிறன்."

"தனியப் போய் நான் என்ன செய்யிறது?"

"நான் இருக்கேக்கை மட்டும் என்ன செய்தனீர்? சோத்தைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீர்" என்றார். மாதக்கணக்குக்குப் பிறகு வந்த பகிடி அது. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

போயா அன்று விடிய, தறப்பாளைத் தோளில் போட்டுக்கொண்டு குறிகட்டுவான் பஸ் ஏறினேன். வேலணை தாண்டி, புங்குடுதீவுக்குப் போகிற பாலத்துக்கு வந்ததும் மணியை அடித்து இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு பக்கமும் முழங்கால் அளவு தண்ணீர். சோளகக் காற்று தறப்பாளைத் தோளில் இருந்து பிடுங்கப் பார்த்தது. பாலத்துக் கல்லில் குந்தினேன். அவர் இல்லாமல் அந்த மதிலுக்குப் பக்கத்தில் கிடந்தால் நான் செத்துப்போவேன் என்று பட்டது. மத்தியானம் வரை இருந்தேன். கண்டக்டர்மார் என்னைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் அவரிடம் போனேன். மனைவி முதுகுக்குத் தலையணை வைத்து அவரை நிமிர்த்தி இருத்தினா. சவரம் செய்திருந்தார்.

"சொல்லும்" என்றார்.

சொன்னேன். வள்ளத்தில் நல்ல சனம் என்றேன். கடல் எப்படி என்று கேட்டார். "சலனமில்லை. குளம் மாதிரிக் கிடந்தது" என்றேன். இறங்குதுறையில் யாரைக் கண்டேன், பாதையில் எத்தனை காட்டுக்குதிரை நின்றது, மதிலில் புதிதாக எந்த இடம் இடிந்திருக்கிறது, என்ன மீன் சுட்டேன், உப்பைக் கூடப் போட்டுவிட்டேன், எல்லாம் சொன்னேன். இவ்வளவு பொய் எனக்குள் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையிடையே "ஓம்" என்றார். உப்புக் கதைக்குச் சிரித்தார்.

படலையடியில் மனைவி என்னை நிறுத்தினா. குரலைத் தாழ்த்திக்கொண்டா.

"அண்ணை, நேற்று சோளகம் கடுமையெண்டு நெடுந்தீவுக்கு வள்ளமே விடேல்லை. மருமோன் இண்டைக்குக் காலமையே வந்து சொன்னவன்."

"அவருக்குத் தெரியுமோ?" என்றேன்.

"அவருக்குத்தான் சொன்னவன். அதுக்குப் பிறகுதான் சவரம் செய்ய வெந்நீர் கேட்டவர்."

உள்ளே இருந்து அவருடைய குரல் வந்தது. "ஐசே, போட்டீரோ?"

"இல்லை, நிக்கிறன்."

"அடுத்த போயாவுக்கு நல்ல தண்ணி கூடக் கொண்டுபோம். இந்த முறை அதைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை நீர்."

"ஓம்" என்றேன். "கொண்டுபோறன்."